முகத்தில் விழாத வெளிச்சம்

செல்வராணி அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது, போடிமெட்டுச் சாலையின் வளைவொன்றில் ஜீப்பிலிருந்து விளக்குகளை இறக்கிக்கொண்டிருந்தேன். அவருடைய மகள்தான் பேசினாள்.

"மாமா, அம்மா காலையில தவறிட்டாங்க. பேனர் அடிக்கணும். அம்மா ஆடுன படத்துலருந்து நல்ல போட்டோ ஒண்ணு கொண்டாங்க."

கொண்டுபோக என்னிடம் எதுவும் இல்லை. திரைக்கு வந்த எந்தப் படத்திலும் அக்காவின் முகம் கிடையாது.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அக்கா குரங்கணிக்காரர், ஏலத்தோட்டக் கூலிக் குடும்பம். படப்பிடிப்புக்கு வந்தவர்கள் கூட்டத்தோடு ஆடக் கூப்பிட்டார்கள், போனார். பிறகு கதாநாயகிகளுக்கு டூப்பாக ஆடுவதே அவருக்குப் பிழைப்பாயிற்று. நான் லைட்மேன். அவர் முகத்தில் வெளிச்சம் படாமல் பார்த்துக்கொள்வது என் வேலை.

அவர் ஆடி நான் முதலில் பார்த்தது போடிமெட்டின் பனிமூட்டத்தில். கணவனைப் பறிகொடுத்தவள் ஆடும் பாட்டு அது. கதாநாயகிக்குக் கால் சுளுக்கு. அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒரே விளக்கு, முன்னால் இருட்டு. கண்ணும் உதடும் தெரியாமல் இவர் எப்படி அழப்போகிறார் என்று எனக்கு இளக்காரம்தான்.

"தம்பி, லைட்ட இன்னும் கீழ எறக்கு. தோள் விளிம்பு மட்டும் தெரிஞ்சாப் போதும்" என்றார்.

சுழன்று வந்தவர், தாளம் முடியும் இடத்தில் ஒரு தோளை மட்டும் மெல்லத் தொங்கவிட்டார். அதன் விளிம்பில் இருந்த வெளிச்சமும் கூடவே சரிந்தது. 'கட்' சொன்ன பிறகும் விளக்கை அணைக்க மறந்து நின்றேன்.

படம் வந்ததும் என் மனைவியோடும் அக்காவோடும் போய்ப் பார்த்தேன். போடித் தியேட்டரில் அந்த இடத்தில் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். "என்னமா நடிச்சிருக்கா!" என்று கதாநாயகியைப் புகழ்ந்தார்கள். என் மனைவிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அக்கா சிரித்துக்கொண்டார். வெளியே வந்ததும் சொன்னார்: "அழுதது நானு, பேரு அவளுக்கு. சாகறதுக்குள்ள ஒருவாட்டியாச்சும் என் மூஞ்சில லைட்டப் போட்டுரு தம்பி."

சென்ற ஆண்டு போட்டேன். புது இயக்குநர் ஒருவர் அவருக்குத் தாய் வேடம் கொடுத்தார். மகளை இழந்தவள், ஏலக்காய் தரம் பிரிக்கும் கூடத்தில் தனியாக ஆடுகிறாள். விளக்கை நேராக வைக்காமல், வெள்ளைத் துணியில் பட்டுத் திரும்பும்படி வைத்தேன். காயை அள்ளிய விரல்கள் தாளத்தில் நின்றன. முகம் மெதுவாக வெளிச்சத்தின் பக்கம் திரும்பியது. அவ்வளவுதான் ஆட்டம். மானிட்டரில் தன்னைப் பார்த்தவர், "இதான் தம்பி நான்" என்றார்.

அந்தப் படம் பாதியில் நின்றுபோனது. எடுத்ததெல்லாம் எங்கே கிடக்கிறதென்று யாருக்கும் தெரியவில்லை. நோயில் படுத்த பிறகும் கேட்பார், "அது எப்பத் தம்பி வரும்?" என்று. "வெரசா வந்துரும்க்கா" என்பேன். வராது என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

போடியில் அக்காவின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கி பேனர் கட்டியிருந்தார்கள். அது யாரோ மாதிரி இருந்தது. ஐஸ் பெட்டிக்குள் எரிந்த ட்யூப் லைட் நேராக அக்காவின் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அப்படி ஒரு வெளிச்சத்தை எந்த லைட்மேனும் வைக்கமாட்டான். முகம் முழுதாகத் தெரிந்தது. அதில் ஒன்றுமே இல்லை. என்னையறியாமல் கை ஸ்விட்ச்சைத் தேடிப் போனது. பிறகு கையை இழுத்துக்கொண்டேன்.

எரியட்டும் அக்கா. வந்தவர்கள் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகட்டும்.