மீரான் காக்காவும் சாய்ந்த வரிசைகளும்

செவ்வாய்க்கிழமை காலை, நூலகத்துக்குப் புறப்படச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. சான் ஹோசேயில் எனக்கு இருந்த ஒரே நண்பர் மீரான் சாகிபு அவர்களின் மகள் ஜைனப் பேசினாள்.

“அங்கிள், வாப்பா மவுத்தாயிட்டாங்க. விடியக்காலைத் தொழுகையில சஜ்தாவுக்கு நெத்தியைத் தரையில வச்சாங்க, எந்திரிக்கவே இல்ல. வெயிட் பண்ணிப் பார்த்துட்டுத் தொட்டேன். இடது கை மட்டும் விரிஞ்சு, தரையைத் தடவுற மாதிரியே இருந்துச்சு அங்கிள்.”

அந்தக் கை எதைத் தேடியது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஏழு ஆண்டுகளாக அவர் கேட்டும் நான் எழுத மறுத்த திருத்தம் ஒன்றும் இருக்கிறது.

மீரான் காக்கா (அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள்) காயல்பட்டினத்துக்காரர். சரக்குக் கப்பல்களில் சுக்கான் பிடித்தவர். நான் தூத்துக்குடிக் கத்தோலிக்கன். எட்டாம் வகுப்போடு பள்ளி முடிந்தது. துறைமுகக் கிடங்கில் காவல் இருந்தபடியே, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஆங்கிலமும் சரித்திரமும் நானே படித்தேன். இதைச் சொன்னால் இங்குள்ள பட்டதாரிகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

1993இல் நம் தமிழ்ச் சங்கத்தின் இதே மலரில், சைப்ரஸ் தீவில் நிக்கோசியா நகரத்துப் பேராலயத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். சிலுவைப் போர்க் காலத்தில் அந்தத் தீவை ஆண்ட பிரெஞ்சு அரச வம்சத்தார் எழுப்பிய கோயில் அது. மன்னர்கள் அங்கே முடிசூடினார்கள். பிரபுக்களும் அவர்கள் மனைவியரும் அதன் தரைக்குக் கீழே அடக்கமானார்கள். 1570இல் துருக்கியர் நகரத்தைப் பிடித்தார்கள். புனிதர்களின் சுரூபங்கள் போயின. தூண்களுக்கு வெள்ளையடித்தார்கள். கட்டி முடியாத மணிக்கோபுரங்களின்மேல் இரண்டு மினாராக்கள் எழுந்தன. கல்லறைப் பலகைகள்மேல் கம்பளம் விரிந்தது. இதுவரை நான் எழுதியது சரி. கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: “பலிபீடத்தை அவமதிப்பதற்காகவே கம்பளங்களை வேண்டுமென்று கோணலாக விரித்தார்கள்.” ஒரு புகைப்படத்தில் அந்தக் கோணலைப் பார்த்துவிட்டு எழுதியது.

மலர் வந்த மறுவாரம், நூலகத்தில் முன்பின் தெரியாத ஒருவர் என் மேசைக்கு வந்தார். மேலுதட்டில் கப்பல் வடம் கிழித்த தழும்பு. கையில் நூலகத்தின் பூகோள உருண்டை.

“அந்தக் கோணல் கட்டுரையை எழுதுனது நீருதானா?”

“ஆமா. என்ன தப்பு?”

“எழுதுறதுக்கு முந்தி ஒரு நூலைப் பிடிச்சுப் பார்த்தீரா ஓய்?”

சட்டைப்பையிலிருந்து நூலை எடுத்தார். ஒரு முனை நிக்கோசியாவில், மறுமுனை மக்காவில். நூல் தென்கிழக்கே இறங்கியது. “உம்ம ஆளுங்க கிழக்கே பார்த்துக் கட்டினாங்க. மக்கா இந்தப் பக்கம். வரிசை கோணலா விழாம வேற எப்படி ஓய் விழும்? இதுல யாரை யாரு அவமதிச்சா?”

“நீர் அப்படித்தான் சொல்வீர்” என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. “நானும் ஏமாந்தவன்தான். ஊர்ல மேற்கே பார்த்துத் தொழுது பழக்கம். இங்க வந்தும் மூணு நாள் மேற்கே பார்த்தே தொழுதேன். என் மவ வந்து, ‘வாப்பா, அந்தப் பக்கம் பசிபிக் ஓஷன். நீங்க ஜப்பானைக் கும்பிடுறீங்க’ன்னா. கப்பல்ல திசைமானியைப் பார்ப்பேன். வீட்டுக்குள்ள எவன் பார்ப்பான்?” சான் ஹோசேயிலிருந்து நூலைப் பிடித்தார். அது வடகிழக்கே ஏறி, பனிப் பிரதேசங்களின் மேலாகப் போயிற்று.

அன்று முதல் செவ்வாய்தோறும் எங்களுக்குள் சண்டை. அவர் ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை.

இரண்டாம் ஆண்டில்தான், தாம் அந்தப் பேராலயத்துக்குள்ளேயே தொழுதவர் என்று சொன்னார். இளவயதில் அவருடைய கப்பல் சைப்ரஸின் பமகுஸ்தாத் துறைமுகத்தில் பழுது பார்க்க நின்றபோது, பேருந்து பிடித்து நிக்கோசியா போயிருக்கிறார். நடுப்பகல் தொழுகை. ஒன்பது பேர். வெளியே கொளுத்திய வெயில் வாசலோடு நின்றுவிட்டதாம்.

“சாய்வா நின்னு கண்ணை மூடினேன் ஓய். திறந்தா, நாங்க நேரா நிக்கோம், கட்டடம்தான் திரும்பிக்கிட்டு இருக்கு. நங்கூரம் அறுந்த கப்பல் மாதிரி. நெத்தியைத் தரையில வச்சேன். கம்பளத்துக்கு அடியில இருந்து குளிர் ஏறுச்சு. இடது கையால தடவிப் பார்த்தேன். நெத்தி. மூக்கு. உதடு. யாரோ மல்லாந்து கிடந்து என்னையவே பார்க்க மாதிரி.”

தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் காவலரிடம் சைகையால் கேட்டிருக்கிறார். அவர் கம்பளத்தின் முனையைத் தூக்கிக் காட்டினார். கீழே கல்லில் செதுக்கிய ஒரு சீமாட்டி. கோயிலாக இருந்த காலத்திலேயே காலடிகள் பட்டுப் பட்டு முகம் முழுவதும் தேய்ந்துபோயிருந்தது. மூக்கும் இல்லை, உதடும் இல்லை.

“அப்போ உம்ம கை தொட்டது யாரை?” என்றேன்.

“அதைத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்.”

அதற்குப் பின் எந்த ஊரில் தொழுதாலும், நெற்றியை வைக்கும் முன் இடது உள்ளங்கையால் தரையை ஒருமுறை தடவுவார். ஏன் என்று கேட்டால், “கீழ ஆள் இருந்தா மூஞ்சியில முட்டிரக் கூடாதுல்லா” என்பார். சிரிக்காமல்தான் சொல்வார்.

அவர் இங்கே தொழுதுவந்த கூடமும் ஒரு காலத்தில் தேவாலயம். சபையார் மனமுவந்து விற்றது. அங்கும் தொழுகை வரிசைகள் சாய்ந்துதான் விழும். சிலுவையை இறக்கிய சுவரில், மழை பெய்தால் அதன் வடிவம் ஈரமாகத் தெரியுமாம். மூன்று முறை வண்ணம் பூசினார்கள். மூன்று முறையும் திரும்ப வந்தது.

“விட்டுருங்க, அது பாட்டுக்கு இருக்கட்டும்னு சொன்னேன்” என்றார். “ஒரே ஒரு தடவை வந்து நின்னு பாரும் ஓய். கோணல் அவமானமா இல்லையான்னு கண்ணால பார்த்துட்டு, தோணுறதை எழுதும்.”

“கோயிலா இருந்த இடத்துல பாய் விரிச்ச பிறகு என் கால் படாது.”

ஏழு ஆண்டுகளும் இதுதான் என் பதில். போன செவ்வாயும் கேட்டார். போன செவ்வாயும் இதையே சொன்னேன்.

இந்தச் செவ்வாய் பிற்பகல், அவருடைய இறுதித் தொழுகைக்கு மழையில் அங்கே போனேன். காலணிகளைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தேன். சுவரில் சிலுவை எழுந்திருந்தது, ஓர் ஆள் உயரத்துக்கு. எங்கள் வழக்கில் சவப்பெட்டியை நடுப்பாதையில் பலிபீடத்துக்கு நேராக வைப்போம். மீரான் காக்காவின் பெட்டி கூடத்தின் குறுக்கே சாய்ந்து கிடந்தது. அதை நேராக்க என் கை பரபரத்தது. கடைசி வரிசைக்குப் பின்னால் ஒதுங்கி நின்று கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது பெட்டி நேராக இருந்தது. அதன் முன்னால் மனிதர்கள் நேராக நின்றார்கள். சுவரும் சன்னல்களும் ஈரச் சிலுவையும் ஓசையில்லாமல் எங்களை விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தன.

ஆகவே திருத்தம். நிக்கோசியாவில் கோயிலைப் பறித்தது பறித்ததுதான். அதில் ஒரு சொல்லையும் மாற்றமாட்டேன். ஆனால் கம்பளத்தைப் பற்றி நான் எழுதிய கடைசி வரி தவறு. மலர்க் குழுவினர் இதைச் சுருக்காமல் அச்சிட வேண்டும்.

பெட்டியை வெளியே எடுத்துச் சென்றபின், அவர் வழக்கமாக நிற்கும் இடத்தை ஜைனப் எனக்குக் காட்டினாள். முழங்காலை மடக்கிக் குனிந்து, இடது உள்ளங்கையைக் கம்பளத்தில் வைத்தேன். ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இடம் மட்டும் குளிர்ந்தது.

“என்ன அங்கிள் தேடுறீங்க?”

“ஒண்ணுமில்லம்மா” என்றேன்.

நெற்றி. மூக்கு. மேலுதட்டில் ஒரு தழும்பு.

வந்துவிட்டேன் காக்கா. தாமதம்தான். நீர் நேராகவே போய் வாரும்.