தனம் மேடமும் இல்லாத மேற்கோள்களும்

விருதுநகரிலிருந்து காலை பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். குமாரலிங்கபுரம் தாண்டியதும் சிக்கந்தர் கூப்பிட்டார். எங்கள் கல்லூரியில் எங்களிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்தவர். வீரசோழனில் பள்ளி ஆசிரியர். "மேடம், தனம் மேடம் போயிட்டாக" என்றார். கண்டக்டர் கை நீட்டியபோது நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் பார்ப்பவர் என்பதால் அருப்புக்கோட்டைக்கு அவரே கிழித்துக் கொடுத்தார்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் தனலட்சுமி மேடத்திடம் வேதியியல் படித்தவர்கள். ஆய்வகத்தில் அவர் குரல் உயராது என்பதும், கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார் என்பதும் உங்களுக்குத் தெரியும். எனக்கு அவர் பக்கத்து மேசைக்காரர். கடைசி இரண்டு ஆண்டுகளில் நாங்கள் சேர்ந்து செய்த வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அலுப்பூட்டும் வேலைதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருச்சுழிப் பக்கத்துக் கிணறுகளில் ஏன் உப்பு ஏறுகிறது என்பது சிக்கந்தரின் ஆய்வு. வழிகாட்டி தனம் மேடம். நான் உடன் இருந்தேன். தண்ணீர் எடுக்கப் போன ஓரிடத்தில், கிணற்றுக்காரர் எங்கள் பாட்டில்களைப் பார்த்துவிட்டு, "தண்ணி உப்புன்னு எங்களுக்குத் தெரியும். என்னத்தால உப்பாகுது, அதக் கண்டு சொல்லுங்க" என்றார். தனம் மேடம் சரி என்று தலையாட்டினார். பஸ்ஸுக்கு நடக்கும்போது, "லேசாக் கேட்டுட்டாரு" என்றார். அன்றே மேடத்துக்குக் கால் வீங்கியிருந்தது. வெயில் என்று நினைத்தோம். சிறுநீரகம் என்று பிறகு தெரிந்தது.

கட்டுரையை எழுதி அனுப்பினோம். ஆய்விதழ்களுக்குக் கட்டுரை எழுதியவர்களுக்கு அடுத்த பாடு தெரியும். ஒரு இதழ் மேற்கோள்களை, அதாவது நாம் எடுத்தாண்ட பிறர் கட்டுரைகளின் பட்டியலை, எண் போட்டுக் கேட்கும். அது வேண்டாமென்று திருப்பி அனுப்பினால், அடுத்த இதழ் பெயரும் ஆண்டும் கேட்கும். ஒன்றுக்கு இதழின் பெயர் சாய்வெழுத்தில் வேண்டும், இன்னொன்றுக்குச் சுருக்கி வேண்டும். உள்ளே இருக்கும் கிணறும் உப்பும் மாறுவதில்லை. கடைசிப் பக்கங்களை மட்டும் திரும்பத் திரும்பப் பிரித்து மேய வேண்டும். டயாலிசிஸ் இல்லாத நாட்களில் பாளையம்பட்டியில் தனம் மேடம் வீட்டுக் கடைக்குப் பின்னால் இருந்த அறையில் உட்கார்ந்து செய்வோம். அவருடைய கணவர் இரும்புக்கடை வைத்திருக்கிறார். ஒருநாள் டீ கொண்டுவந்து வைத்தவர், திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இம்புட்டு நேரமும் கமாவா வச்சுக்கிட்டு இருக்கீக?" என்று கேட்டார். ஆமாம் என்றோம்.

மூன்றாவது இதழ் கட்டுரையை ஏறக்குறைய ஏற்றுக்கொண்டது. மதிப்பீட்டாளர் புதிய மேற்கோள்கள் சிலவற்றைச் சேர்க்கச் சொல்லியிருந்தார். கெடு நெருக்கத்தில் இருந்தது. கட்டுரை வந்தால்தான் சிக்கந்தர் ஆய்வேட்டைக் கொடுக்க முடியும். அவருடைய பதிவுக் காலமும் முடியவிருந்தது. பட்டம் வாங்கினால் பள்ளியில் தலைமையாசிரியர் பதவி வேறு காத்திருந்தது. சிக்கந்தர் கட்டுரையைச் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் போட்டுப் பட்டியலை ஒழுங்கு செய்யச் சொல்லி, புதிய மேற்கோள்களையும் அதனிடமே கேட்டு வாங்கிவிட்டார். பார்க்க அத்தனை அழகாக இருந்தது. ஒரு புள்ளிகூடத் தவறவில்லை.

தனம் மேடம் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கத் தொடங்கினார். முதலாவது இருந்தது. அடுத்ததைத் தேடினால், இதழ் இருக்கிறது, தொகுதி இருக்கிறது, அந்தப் பக்கத்தில் மீன் வளர்ப்பு பற்றிய கட்டுரை இருக்கிறது. இன்னொன்று எங்குமே இல்லை. அப்புறம் அவர் சிரிப்பது கேட்டது. "இங்க பாருங்க, என் பேர்ல ஒரு பேப்பர் இருக்கு. நான் எழுதவே இல்ல."

நானும் பார்த்தேன். வறண்ட நிலத்துக் கிணறுகளில் மழைக்கு முன்னும் பின்னும் உப்பு மாறும் விதம் என்று தலைப்பு. அவர் கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் துடைக்கவில்லை. "தலைப்பு நல்லாத்தான் இருக்கு. உடம்பு இருந்தப்போ எழுதியிருக்கலாம்" என்றார்.

சிக்கந்தர் வந்தார். முதலில் அதிர்ந்தார், பிறகு கெஞ்சினார். மற்ற எல்லாம் சரியாக இருக்கிறது, தண்ணீர் நாம் எடுத்தது, அளவு நாம் பார்த்தது, இந்தச் சிலவற்றை யார் தேடப் போகிறார்கள் என்றார். தனம் மேடம் குரலை உயர்த்தாமல்தான் சொன்னார்:

"நம்மள மாதிரி ஒருத்தன் தேடுவான் சார். கிடைக்கலன்னா, நமக்குத்தான் தேடத் தெரியலன்னு நெனச்சுக்குவான். அவன் நாளு போயிரும்."

அவகாசம் கேட்டு இதழுக்கு எழுதினோம். பதில் வருவதற்குள் கெடு முடிந்து, இதழின் இணையதளத்தில் கட்டுரை அனுப்பும் வழி அடைத்துவிட்டது. சிக்கந்தர் எழுந்து போனார். அதன்பிறகு வேலைக்கு வேண்டியதை எனக்கு மட்டும் அனுப்புவார், தனம் மேடத்திடம் பேசமாட்டார்.

உண்மையான மேற்கோள்களை மருத்துவமனையில் வைத்துத்தான் தேடினோம். தனம் மேடம் ஒரு கையில் ஊசியும் குழாயுமாகப் படுத்திருப்பார். மறு கையில் போனைப் பிடித்துப் படிப்பார். பக்கத்தில் மடிக்கணினியோடு நான். பலமுறை பாதியில் கண் மூடிவிடுவார். நானும் நாற்காலியில் அசந்திருக்கிறேன். அப்படித் தேடியபோதுதான் ஒரு பழைய கட்டுரை அகப்பட்டது. ஆழ்துளைக் கிணறுகள் அடியிலிருக்கும் உப்பு நீரை மேலே கொண்டுவருகின்றன என்று, பக்கத்து மாவட்டத்தை வைத்து ஒருவர் எங்களுக்கு வெகு முன்னரே எழுதியிருந்தார். 'முதன்முதலாக' என்று நாங்கள் போட்டிருந்த சொல்லைத் தனம் மேடம் எடுக்கச் சொன்னார். சிக்கந்தருக்குக் கெடு போனதைவிட அதுதான் வலித்திருக்க வேண்டும். எனக்கும் வலித்தது. "முன்னாடியே ஒருத்தர் சொல்லிட்டாருன்னா நம்ம சொல்றதும் சரின்னுதான அர்த்தம்?" என்று கேட்டுவிட்டு, அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

நான்காவது இதழ் ஏற்றுக்கொண்டது. சிக்கந்தர் கால நீட்டிப்பு வாங்கி ஆய்வேட்டைக் கொடுத்தார். தலைமையாசிரியர் பதவி வேறொருவருக்குப் போய்விட்டது.

தனம் மேடத்தின் அடக்கத்தன்று சிக்கந்தர் வந்து கடை வாசலில் வெகுநேரம் நின்றார். நான் பக்கத்தில் போனதும், "எனக்கு இன்னும் கோவம் போகல மேடம். அவுக செஞ்சது சரிதான். ரெண்டும் இருக்கு" என்றார். நான் அவரைத் தேற்ற முயலவில்லை.

நாங்கள் பார்த்துத் திருத்த வேண்டிய அச்சுப்படி அடுத்த வாரம் இதழிலிருந்து வந்தது. நம் பெயர்களை அங்கே உள்ளவர்களுக்குப் பிரிக்கத் தெரியாது. தனலட்சுமி ஒற்றை எழுத்தாகச் சுருங்கி, கணவரின் பெயர் முழுதாக நின்றது. நான் தெரிவித்திருந்ததால் போட்ட, இறந்தவர் என்று காட்டும் குறியும் அதன்மேல் விழுந்திருந்தது. அவர் கணவரிடம் கேட்காமல் திருத்த மனமில்லாமல் கடைக்குப் போனேன். கல்லாவில் இருந்தவர் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். "என் பேரு எதுக்கு? நானா எழுதினேன்? அவ பேரைப் போடுங்க" என்றார். முழுப்பெயரையும் போட்டு அனுப்பினேன்.

நண்பர்களே, அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது இந்த வேலையின் மீதான பிரியம் என்று எழுதினால் அது பொய். எனக்கு இன்னும் இது பிடிக்கவில்லை. கடைசிப் பக்கங்களுக்கு வந்தாலே தோள் வலிக்கிறது. ஆனால் ஒருவர் பெயரை எழுதும் முன் அவர் எழுதியதைத் திறந்து, ஒரு பக்கமாவது படித்துவிடுகிறேன். தனம் மேடம் இருந்தவரை அவருக்காகச் செய்தேன். இப்போது படிக்காமல் எழுதக் கை வரவில்லை.