தொய்ந்த நூலும் தோட்டத்துத் தண்ணீரும்

ஆனி மாதத்து முதல் ஞாயிறு காலை, இட்லித் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு என் மனைவி தீர்ப்புச் சொன்னாள். தீபாவளி முடிந்த கையோடு மகள் பிரசவத்துக்கு வருகிறாள். முன்னறை அவளுக்கு வேண்டும். அந்த அறையில் அதுவரை குடியிருந்தவை என் டைரிகளும், புத்தகங்களும், தேதிவாரியாகக் கட்டி வைத்த செய்தித்தாள் நறுக்குகளும்.

"தீபாவளிக்குள்ள இதுங்களுக்கு ஒரு வழி பண்ணுங்க. இல்லன்னா பழைய பேப்பர்காரர வரச் சொல்லிடுவேன். சும்மா சொல்றேன்னு நெனைக்காதீங்க."

சும்மா சொல்கிறவள் அல்ல. என் பழைய சைக்கிள் அப்படித்தான் போனது. ஒரு புதன்கிழமை, டைரியில் இருக்கிறது.

வேலையில் இருந்த காலமெல்லாம் அரசு அலுவலகப் பதிவறையில் கழித்தவன் நான். காகிதம் எதற்குப் பயப்படும் என்று எனக்குத் தெரியும். கரையான் இரண்டாம் பட்சம். முதல் எதிரி ஈரம். ஆகவே தோட்டத்தில் நானே ஓர் அறை கட்டுவது என்று முடிவு செய்தேன். இரும்புச் சட்டம், கலர் ஷீட், கை நிறைய போல்ட்டு. வெளிநாட்டுக்காரர்கள் ஒரு வாரக் கடைசியில் இதைச் செய்து முடிப்பதை யூடியூபில் பார்த்திருந்தேன். அவர்கள் எல்லோரும் முதலில் ஒன்றைத்தான் சொன்னார்கள்: தரையைச் சரி செய்.

எங்கள் சின்ன காஞ்சிபுரத்தில் வீட்டுப் பின்பக்கத்தைத் தோட்டம் என்றுதான் சொல்வோம். செடி இருக்க வேண்டிய கட்டாயம் கிடையாது. எங்கள் தோட்டத்தில் இரண்டு வாழை, ஒரு துவைக்கிற கல், மீதியெல்லாம் களிமண். தெருவுக்கு சிமென்ட் ரோடு போடும் ஒவ்வொரு முறையும் பழையதைப் பெயர்க்காமல் அதன் மேலேயே போட்டார்கள். தெரு வளர்ந்தது, வீடு வளரவில்லை. மழைத் தண்ணீர் வாசல் பக்கம் போக வழியில்லாமல் தோட்டத்திலேயே தங்கிவிடும். துவைக்கிற கல்லின் பாதி வரை ஏறும். வடிய நான்கு நாள், ஐந்து நாள். இதையும் வருடாவருடம் குறித்திருக்கிறேன்.

நல்ல வேளையாகப் பின்சந்துக் கால்வாய் எங்கள் தோட்டத்தைவிடத் தாழ்வு. அறை வரப்போகும் இடத்திலிருந்து பின்சுவர் வரை சரிவாக ஒரு பள்ளம் வெட்டி, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் குழாயைப் புதைத்து, அதன் வாயைச் சுவர்த் துளை வழியாகக் கால்வாய்ப் பக்கம் நீட்டி, சுற்றி ஜல்லி கொட்டிவிட்டால் தண்ணீர் தானாகப் போய்விடும். சரிவுதான் முக்கியம். அதற்குக் கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவல் ஒன்று வாங்கினேன். தண்ணீர் நிரப்பிய நீளக் குழாய். ஒரு முனையை ஒருவர், மறு முனையை இன்னொருவர் பிடிக்க வேண்டும். இன்னொருவர் என்று வீட்டில் இருந்தது ஒரே ஆள்தான்.

"உன் பக்கம் தண்ணி எங்க நிக்குது?"

"கோட்டுக்கு மேல."

"எவ்ளோ மேல?"

"ஒரு பருப்பு அளவு."

"எந்தப் பருப்பு? துவரம் பருப்பா, கடலைப் பருப்பா?"

"அடுப்புல இருக்குதே, அந்தப் பருப்பு. கருகிக்கினு இருக்குது. சீக்கிரம் சொல்லுங்க, நான் போறேன்."

மேல் முனையில் ஒரு முளை, முப்பதடி தள்ளிப் பின்சுவரோரம் ஒரு முளை. இரண்டுக்கும் இடையே நாலு விரல் சரிவு. ஆவணி மூன்றாம் சனிக்கிழமை சாயங்காலம் முளைகளில் கோடு போட்டு முடித்தேன். இனி அந்தக் கோட்டிலிருந்து இந்தக் கோட்டுக்கு விறைப்பாக ஒரு நூல் கட்ட வேண்டும். கொத்தனார் பயன்படுத்தும் நைலான் கயிறு வாங்க மறந்துபோயிருந்தேன். ஆனால் வீட்டில் பட்டு நூல் இருந்தது. பக்கத்து வீட்டில் பட்டு நெய்கிற அம்மா, சிக்கு விழுந்து ஒதுக்கிய நூலை அவ்வப்போது என்னிடம் தருவார். "உங்க பேப்பர் மூட்டைய கட்டிக்கோங்க சார், பட்டுல கட்டுனா மரியாதையா இருக்கும்" என்பார். நாலைந்து இழையைச் சேர்த்து முறுக்கி, முளைக்கு முளை இழுத்துக் கட்டினேன். விரலால் சுண்டினால் ஒலித்தது. அந்தச் சனிக்கிழமைக் குறிப்பில் 'சரிவு மிகத் துல்லியம்' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

இரவு தூறல். மறுநாள் காலையும் மூட்டமாகவே இருந்தது. மழை நின்ற நேரத்தில் கடப்பாரையோடு இறங்கினேன். அளவாக வெட்டிய குச்சி ஒன்றை நூலுக்குக் கீழே அடிக்கு ஒரு தடவை நிறுத்தி, குச்சியின் ஆழத்துக்குப் பள்ளம் எடுத்தேன். எங்கும் ஒரு விரலும் கூடக்குறைய இல்லை. நாலு நாள் வேலை. குழாய் பதித்து, ஜல்லி கொட்டி, மண் மூடி, அதன் மேல் நானே இரண்டு தடவை நடந்து பார்த்தேன்.

புரட்டாசி பிறந்த முதல் வாரத்தில் நல்ல மழை ஒன்று வந்தது. குடையோடு பின்சுவரோரம் போய், சுவருக்கு மேல் எட்டிக் குழாயின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு சொட்டு வரவில்லை. மேல் முனையில் குழாய் தண்ணீரை வாங்கிக்கொண்டுதான் இருந்தது. நடுவில், வாழைக்குப் பக்கத்தில், மண் கொழகொழவென்று பொங்கி ஒரு சின்னக் குட்டை உருவானது. மழை விட்ட பிறகு நாலு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். குட்டை பெரிதானது.

மதில் மேல் ஒரு தலை தெரிந்தது. பக்கத்து வீட்டு அம்மா.

"இன்னா சார், தெப்பக்குளமா? தெப்பத் திருவிழா என்னிக்கி?"

"தண்ணி நடுவுல நின்னுடுதும்மா. அளவெல்லாம் சரியாத்தான் எடுத்தேன்."

"அளவுக்கு எந்தக் கயிறு கட்டினீங்க?"

"நீங்க குடுத்த பட்டு நூல்தான்."

அந்த அம்மா மதிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தலை மறைந்து மறைந்து தெரிந்தது.

"ஏன் சார், இந்த நேரத்துல நான் தறியில இல்லாம இங்க நின்னுக்கினு இருக்கேனே, எதனாலன்னு நெனைக்கிறீங்க? ஈரத்துல பாவு தொய்ஞ்சு போச்சு. நெய்ய முடியல. வீட்டுக்குள்ள இருக்கற பாவே தொய்யுது, நீங்க மழையில கட்டி வச்சிருக்கீங்க!"

பாவு என்பது தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய இழைகள். மழை நாளில் அது தளரும். நெசவாளர் தெருவில் பிறந்த கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும் இது. சனிக்கிழமை சுண்டினால் ஒலித்த நூல் ஞாயிற்றுக்கிழமை நடுவில் மூன்று விரல் இறங்கியிருக்கிறது. அது எப்படித் தொய்ந்திருந்ததோ, அந்தத் தொய்வை அச்சுப் பிசகாமல் தரையில் வெட்டியிருக்கிறேன். கவனமில்லாமல் வெட்டியிருந்தால் ஒருவேளை தண்ணீர் போயிருக்கும்.

உள்ளே போய் ஒரு பழைய டைரியை உருவினேன். ஏன் என்று தெரியாது, மனசு சொன்னது. ஐப்பசிப் பக்கத்தில் என் கையெழுத்து: 'செவ்வாய். காலை முதல் தூறல். பக்கத்து வீட்டில் தறிச் சத்தம் இல்லை. பாவு தொய்வு என்கிறார்.' இன்னொரு வருடம்: 'வெள்ளி. மழை. தறி இல்லை. பாவு தொய்வு.' எந்த வருடத்தைப் பிரித்தாலும் இருந்தது. ஒன்றில் சிவப்பு மையில்கூட இருந்தது.

என் மனைவி தோளுக்கு மேலாகப் படித்துவிட்டாள்.

"இத்தினி வருஷமா எழுதிக்கினே இருந்தீங்க. ஒரு நாளாவது எடுத்துப் படிச்சிருக்கீங்களா? படிக்காத நோட்ட வச்சுக்கினு இன்னா பண்றது? பேப்பர்காரராவது பொட்டலம் கட்டுவார்."

தீபாவளிக்கு ஒரு மாதத்துக்குச் சற்று அதிகம் இருந்தது.

மறுநாளே நைலான் கயிறு வாங்கினேன். மூன்றடிக்கு ஒரு முளை அடித்தேன். டியூபின் மறு முனையைப் பிடிக்க, பருப்பை இறக்கி வைத்துவிட்டு அவளே வந்தாள். புதைத்ததைத் தோண்டி, குழாயை எடுத்து, நடுப் பள்ளத்தை மணலால் தூக்கி, மறுபடி பதித்தேன். அறை நிற்கும் இடத்தில் மேல் களிமண்ணை வாரி எடுத்துவிட்டு, செங்கல் உடைசலைக் கொட்டி, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கினேன். மூலைக்கு ஒரு கருங்கல் வைத்து, அதன் மேல் சட்டத்தைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயர்த்தி நிறுத்தி, தரைக்குப் பலகை போட்டேன். ஷீட் முடுக்க நாலு ஞாயிறு ஆனது. ஒரு வாரக் கடைசியில் முடித்த அந்த வெளிநாட்டுக்காரர்கள் களிமண்ணைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு, காலை பத்து மணி வாக்கில் மழை பிடித்துக்கொண்டது. கொட்டு கொட்டென்று கொட்டியது. அந்த நேரம் பார்த்தா தெருவில் "பழைய பேப்பர், பழைய புஸ்தகம்" என்று குரல் வர வேண்டும்! பிளாஸ்டிக் உறையைப் போர்த்திக்கொண்டு, வண்டியை எங்கள் வாசலிலேயே நிறுத்தினார். என் மனைவி சொல்லி வைத்திருந்தாள்.

"கொஞ்சம் நில்லுப்பா" என்று அவரிடம் சொல்லிவிட்டு, ஒரே குடையில் என்னோடு பின்சுவருக்கு வந்தாள். சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தோம்; குழாயின் வாயில் ஒன்றும் வரவில்லை. பக்கத்து வீட்டில் தறிச் சத்தம் இல்லை. மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "வருதா சார்?" என்று குரல் வந்தது.

"இன்னும் இல்லம்மா."

செம்மண் நிறத்தில் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று. பிறகு விரல் கனத்துக்கு, பிறகு மணிக்கட்டு கனத்துக்கு, கலங்கலாகக் கால்வாயில் கொட்டத் தொடங்கியது. துவைக்கிற கல்லின் அடி தெரிந்தது. அறைக்குள் போய்த் தரைப் பலகையைக் கையால் தடவினேன். காய்ந்திருந்தது.

"வந்துடுச்சும்மா!" என்று மதிலைப் பார்த்துக் கத்தினேன்.

"அப்ப பொங்கல் வச்சுடுங்க!"

என் மனைவி வாசலுக்குப் போனாள். "இன்னிக்கி ஒண்ணும் இல்லப்பா. இவரு மனசு மாறினா சொல்லி அனுப்பறேன்." திரும்பி வந்தவள் முன்னறையில் குனிந்து, பட்டு நூலால் கட்டிய முதல் கட்டைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டாள். மழையோடு மழையாக மதியத்துக்குள் பாதி அறை காலியானது.

சாயங்காலம் புது அறையில் உட்கார்ந்து அன்றைய பக்கத்தைத் திறந்தேன். எழுதுவதற்கு முன் போன வருடத்து டைரியை எடுத்து, அதே நாளைப் பிரித்து வைத்துக்கொண்டேன். மழை என்று இருந்தது. தறிச் சத்தம் இல்லை என்று இருந்தது. முழுக்கப் படித்துவிட்டு, பிறகு பேனாவைத் திறந்தேன்.