பினாயில் கணக்கு

தளவாய்புரத்துக்குப் பக்கத்திலுள்ள அரசுப் பள்ளியைத் துப்புரவு செய்யும் பரிபூரணம் எதையும் லேசில் நம்ப மாட்டாள். கடைக்காரர் எடை போட்டால் தராசுக்கு அடியில் குனிந்து பார்ப்பாள். மழை பெய்தால்கூட, மாடித் தொட்டி வழிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் குடையை எடுப்பாள்.

கணக்கு டீச்சர் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடத்துக்கு ஆள் வரவில்லை. பெரிய திரை ஒன்று வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் உட்கார்ந்தபடி ஜாஸ்மின் டீச்சர் நான்கு பள்ளிகளுக்குச் சேர்த்துப் பாடம் நடத்தினார்.

“நாலு சம்பளத்துக்கு ஒரு சம்பளம். மிச்சத்துல புதுக் கக்கூஸ் கட்டலாம், பரிபூரணம்,” என்றார் தலைமையாசிரியர் காசிராஜன்.

“கக்கூஸ் வேணும்தான் சார். அங்க இருந்து பார்த்தா நம்ம பிள்ளைக மூஞ்சி தெரியுதா?”

“புளியங்கொட்டை அளவுக்குத் தெரியும். புரிஞ்சுதான்னு கேட்டா அம்புட்டுப் பேரும் புரிஞ்சுதுங்காவளே, அது கேட்டாப் போதாதா?”

“அதான் சார் எனக்குச் சந்தேகமே.”

பிள்ளைகள் ஒன்றாகக் கத்தும் அந்தச் சத்தத்துக்கு மலையிலுள்ள அணில்கள்கூடத் தலையாட்டிவிட்டுத்தான் அடுத்த கிளைக்குத் தாவும்.

பரிபூரணத்தின் மகள் முனீஸ்வரி அங்கேதான் எட்டாம் வகுப்பு. அடுத்த வருஷம் ராஜபாளையத்துப் பெரிய பள்ளிக்குப் போக வேண்டியவள். விகிதப் பாடம் முடிந்த மறுநாள் பரிபூரணம் வாளியை அவள் முன்னால் வைத்தாள்.

“ஏட்டி, ஒரு பங்கு பினாயிலுக்கு அம்பது பங்கு தண்ணி. வாளியில பத்து லிட்டர் இருக்கு. எம்புட்டு ஊத்தணும்?”

முனீஸ்வரி ஒரு லிட்டர் பினாயில் பாட்டிலை அப்படியே கவிழ்த்தாள். அன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கியவர்கள்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் போட்டார்களாம்.

“நேத்து புரிஞ்சுதுன்னு கத்துனியே?”

“எல்லாரும் கத்துனாவம்மா. நானும் கத்துனேன்.”

பெரிய பள்ளியில் இவள் எப்படித் தேறுவாள் என்ற கவலை பரிபூரணத்துக்கு. திங்கட்கிழமை வகுப்பைக் கூட்டும் சாக்கில் உள்ளே நின்றுகொண்டு பிள்ளைகளிடம் சொன்னாள்: “இன்னைக்கு ஒருத்தரும் வாயைத் திறக்கப்படாது. வெளங்குனவங்க மட்டும் கையைத் தூக்குங்க.”

பாடம் முடிந்தது. “புரிஞ்சுதா?” என்றார் ஜாஸ்மின் டீச்சர். மற்ற மூன்று பள்ளிகளும் கத்தின; இங்கிருந்து மூச்சுக்கூடக் கேட்கவில்லை. லைன் போய்விட்டதென்று அவர் மைக்கைத் தட்டினார்.

பரிபூரணம் விளக்குமாற்றோடு திரைக்கு முன்னால் வந்தாள். “லைன் நல்லாத்தான் இருக்கு டீச்சர். முப்பது பேருல ஒம்பது கைதான் தூக்கியிருக்கு.”

டீச்சர் திரைக்குக் கிட்டே வந்து கைகளை எண்ணினார். பிறகு மற்ற மூன்று பள்ளிகளிலும் கை தூக்கச் சொன்னார். அங்கேயும் அதே கதை. விகிதம் முதலிலிருந்து ஆரம்பமானது. அதன்பின் ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லிக் கேட்டார்; கோரஸ் நின்றது. திரை இருந்த இடத்திலேயே இருந்தது.

“மானத்த வாங்கிட்டியே,” என்றார் காசிராஜன்.

“கக்கூஸ் வந்துரும்லா சார்?” என்று கேட்டாள் பரிபூரணம்.

அடுத்த சனிக்கிழமை முனீஸ்வரி பத்து லிட்டர் வாளிக்கு இருநூறு மில்லி பினாயில் அளந்து ஊற்றினாள். பரிபூரணம் குனிந்து முகர்ந்தாள்.

“யாருகிட்டயாவது கேட்டுக்கிட்டு வந்தியா?”

“இல்லம்மா.”

“அப்ப பதினஞ்சு லிட்டருக்கு?”

“முந்நூறு,” என்றாள் முனீஸ்வரி, நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

பரிபூரணம் தலையாட்டினாள். பிறகு அளவு டம்ளரை வாங்கி, தானும் ஒருமுறை அளந்து பார்த்தாள்.