வயிற்றுப் பிள்ளையின் பங்கு

மலாயாவில் கிள்ளானை அடுத்த மேருவில் இரண்டு ஏக்கர் தென்னை வைத்திருந்த முனிரத்தினம் காய்ச்சல் கண்டு ஒன்பதே நாளில் போய்ச் சேர்ந்தபோது, அவன் மனைவி தனலெட்சுமிக்கு ஆறு மாதம். அது 1932ஆம் ஆண்டு. கல்யாணமாகிப் பதினோரு வருடம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவி, மாடு மேய்த்து, இனிப் பிள்ளை இல்லை என்று விட்டுவிட்ட பிறகு தங்கிய கரு. அதற்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அவள் வாய்விட்டு அழக்கூடப் பயந்தாள்.

காரியமெல்லாம் முடிந்ததும் முனிரத்தினத்தின் தம்பி கன்னையா வந்தான். கெட்டவன் இல்லை. தோட்டத்தில் ஆள் குறைத்ததில் வேலை போய், ஊருக்குக் கப்பலேறத் தவித்துக்கொண்டிருந்தவன்.

"அண்ணி, அண்ணனுக்குப் பிள்ளை இல்ல. நிலத்தை வித்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கலாம்."

அவள் கிள்ளான் லேண்ட் ஆபீசுக்கு அவன் பின்னாலேயே போனாள்.

அதிகாரி வெள்ளைக்காரர். அங்கே கணக்கெழுதும் இராமலிங்கம் என்ற கிராணி மொழிபெயர்த்தார். இறந்தவருக்கு யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள்.

"சம்சாரமும் நானுந்தாங்க," என்றான் கன்னையா.

துரை தனலெட்சுமியை ஏறிட்டுப் பார்த்தார். எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஏதோ சொன்னார்.

"அம்மா, இன்னும் ஒருத்தர் இருக்காராம்," என்றார் கிராணி.

அவள் திரும்பி வாசலைப் பார்த்தாள். யாரும் இல்லை.

"அங்க இல்லம்மா, உங்க வயித்துல. உசுரோட பொறந்துட்டா அப்பா சொத்துல அதுக்கும் பங்கு உண்டு. அது பொறக்குற வரைக்கும் நிலத்தை யாரும் தொடக்கூடாதுன்றார்."

தனலெட்சுமி தன் வயிற்றைக் குனிந்து பார்த்தாள். முப்பது வயதாகியும் அவளை எந்த ஆபீசும் ஒரு பொருட்டாக மதித்ததில்லை. இன்னும் கண் திறக்காத ஒன்றுக்காகச் சர்க்காரே காத்திருக்கிறது! முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள், பெரிய மனிதர் ஒருவரோடு வந்தவளைப்போல.

பெண் பிறந்தது. சீதாலெட்சுமி என்று பெயர் வைத்து, நாற்பது நாள் கழித்து ஆபீசுக்குத் தூக்கிப் போனாள்.

"பொண்ணுதானே பொறந்திருக்கு?" என்று இழுத்தான் கன்னையா.

"சட்டத்துல பிள்ளைன்னுதான் இருக்கு. ஆணு பொண்ணுன்னு பிரிக்கல," என்றார் கிராணி. "மூணுல ஒரு பங்கு அம்மாவுக்கு, ரெண்டு பங்கு பிள்ளைக்கு. உங்களுக்கு வராது."

கன்னையா குனிந்து குழந்தையின் பாதத்தைத் தொட்டான். "பொறக்கறதுக்கு முன்னாடியே சித்தப்பனை ஜெயிச்சிட்டா லா," என்றான்.

கிராணி தனலெட்சுமியிடம் மைப்பெட்டியை நகர்த்தினார். "பதினெட்டு வயசு ஆகுற வரைக்கும் பிள்ளையால எதையும் விக்க முடியாது. நீங்க பார்த்துக்கணும். ஆனா அதோட பங்கை கோர்ட்டு சொல்லாம நீங்களும் விக்க முடியாது."

"பெத்தவ நானுமா?"

"நீங்களுந்தாம்மா."

பெருவிரலில் மை பூசிக்கொண்டே, மடியில் விரல் சப்பிக்கொண்டிருந்ததை அவள் வேறு கண்ணோடு பார்த்தாள்.

அன்று சாயங்காலம் கன்னையா தேங்காய் பறிக்க ஏணியைச் சாத்தினான்.

"இருங்க தம்பி," என்று தடுத்தாள் தனலெட்சுமி. இடுப்பிலிருந்த மகளைப் பார்த்து, சிரிக்காமல், "பறிக்கட்டுமா?" என்று கேட்டாள்.