முளைப்பாரியோடு உட்கார்ந்தவள்

டிங், டிங், டிங். போன மாதம் ஆஸ்பத்திரியில் ஒரு சின்னக் கருவி என் விரல் நுனியைக் கவ்விக்கொண்டு கத்தியது. ரத்தத்தில் பிராணவாயு குறைந்தால் அதன் குரலும் இறங்குமாம். இறங்கியது. இறங்க இறங்க, எனக்குள் ஒரு குலவைச் சத்தம் ஏறியது. அத்தை மகள் வந்துவிட்டாள்.

எழுபதுகளின் ஒரு பங்குனி. சின்னமனூர்ப் பக்கம் எங்கள் ஊர். அம்மன் பொங்கலுக்கு மேகமலைத் தேயிலை எஸ்டேட்டின் லயன் வீட்டிலிருந்து அத்தையோடு இறங்கி வந்திருந்தாள். என்னைவிட மூத்தவள், அதனால் மதினி. உதடும் நகமும் எப்போதும் ஊதா. நாவப்பழத்தை ஒளித்துவைத்துத் தின்கிறாள் என்று தெருப் பிள்ளைகள் அவள் மடியைச் சோதிப்பார்கள். அந்த ஊதா போகவேண்டும் என்றுதான் அத்தை அவளுக்கு முளைப்பாரி நேர்ந்திருந்தாள்.

இருட்டறையில் வளர்ந்து வெளிர்மஞ்சளாய் நிற்கும் பயிர். தலையில் ஏற்றினால் ஆறு வரைக்கும் இறக்கக்கூடாது. இறக்கினால் நேர்த்தி செல்லாது. நானும் ஒரு பாரி சுமந்தேன். எனக்கு முன்னால் போன மதினி, பாதித் தெருவில், பாரியைத் தலையில் பிடித்தபடியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள். பின்னால் வரிசை நின்றது. குலவை அறுந்தது.

“ஆரு வீட்டுப் புள்ள ஆத்தா இது? சாமி போற பாதையில கோழி அடகாக்குற மாதிரி உக்காந்திருக்கு!”

“மலையில இருந்து வந்தவுக. அங்கன நடக்கச் சொல்லித் தரலயாக்கும்.”

சிரிப்பு. என் காது மடல் கொதித்தது. அம்மா ஓடிவந்து அவள் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினாள். “எந்திரி ஆத்தா, மானம் போகுது.” எழுந்தாள், நாலெட்டு வைத்தாள், மறுபடி உட்கார்ந்தாள். அம்மா மறுபடி தூக்கினாள். உதடு ஊதாவிலிருந்து மை நிறத்துக்குப் போனது. அவள் யாரோ எவளோ என்பதுபோல நான் விலகிச் சுற்றிக்கொண்டு நடந்தேன். நிமிர்ந்து நடந்தேன். எல்லாரும் மெச்சினார்கள்.

நுரையீரலில் பிராணவாயுவை ஏற்றிக்கொண்டு சிவப்பாகக் கிளம்பும் ரத்தம், உடம்பெங்கும் அதை இறக்கிவிட்டு, கரியமில வாயுவைச் சுமந்து கருத்துத் திரும்பும். நுரையீரலில் அதைக் கழித்து மறுபடி சிவக்கும். மதினியின் இதயச் சுவரில் ஓட்டை, நுரையீரலுக்குப் போகும் வழியும் குறுகல். கருத்த ரத்தத்தில் பாதி சிவக்காமலே உடம்புக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. பிறகு மதுரை டாக்டர் சொல்லித்தான் தெரியும். குத்தவைத்தால், மடங்கிய கால்கள் கீழே ஓடும் ரத்தத்தை நெருக்கும். கொஞ்சம் கூடுதலாக நுரையீரலுக்குப் போகும். யாரும் சொல்லாமல் அவள் உடம்பே கண்டுபிடித்த மருந்து. அதிலிருந்துதான் அவளைத் தூக்கித் தூக்கி நிறுத்தியிருக்கிறோம்.

கடைசி ஆளாக, இறக்காத பாரியோடு, ஆற்றுக்கு வந்து சேர்ந்தாள்.

அடுத்த பங்குனிக்கு அத்தை மட்டும்தான் வந்தாள்.

அவள் பாரி சுமந்ததற்கு மறுநாள் காலை, அவர்களை மலைக்கு ஏற்றிப்போக எஸ்டேட் ஜீப் உறுமியபோது, மதினி முகத்தில் முழிக்கக் கூசி அம்மாவுக்குப் பின்னால் நின்றேன். கைகாட்டிக் கூப்பிட்டாள். கோபமே இல்லை, ஆச்சரியம்தான். குனிந்து என் காதில் கேட்டாள்:

“ஏண்டி, ஒரு எடத்துலகூட உக்காராம ஆறு மட்டுக்கும் எப்படிடி நடந்த? எனக்கும் சொல்லிக் குடுடி.”