குட்டிக்கு நான் வயதைக் கூட்டிய நாள்

பதினெட்டு வருஷம் வளைகுடாவில் பந்தயக் குதிரைகளோடு இருந்தவன் என்று காரைக்காலில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அதை நான் மறுத்ததே இல்லை. உண்மை என்னவென்றால், நான் இருந்தது லாயத்தில் அல்ல, லாயத்தின் ஆபீஸில். ஏசி அறை, ஒரு கம்ப்யூட்டர், சுவரில் பெரிய வெள்ளைப் பலகை. எந்தக் குதிரை எந்தக் கிழமை என்ன செய்ய வேண்டும் என்று பயிற்சியாளர் சொல்லச் சொல்ல நான் பலகையில் எழுதுவேன். இன்று நடை, நாளை ஓட்டம், மறுநாள் ஓய்வு. அத்தனை குதிரைகளின் வாரமும் என் கையெழுத்தில் இருந்தது. ஒன்றின் முதுகிலும் ஒரு தடவைகூட உட்கார்ந்தது கிடையாது. ஆபீஸ்காரன் குதிரையைத் தொடக்கூடாது என்பது அங்கே சட்டம். ஜன்னலுக்கு வெளியே அவை போவதையும் வருவதையும் பார்த்தபடியே என் தலை நரைத்தது.

ஊரோடு வந்து சேர்ந்த வருஷம், ஆடி மாதம் அந்தியூர் குதிரைச் சந்தைக்குப் போனேன். பார்த்துவிட்டு வருகிறேன் என்றுதான் வீட்டில் சொன்னேன். திரும்பும்போது வேனில் ஒரு பெட்டைக் குட்டி நின்றுகொண்டிருந்தது. செம்பழுப்பு, நெற்றியில் கொஞ்சம் வெள்ளை, காதுகளின் நுனி ஒன்றை ஒன்று தொடுகிற நாட்டுச் சாதி. ரெண்டு வயசுங்க என்றார் விற்றவர்.

என் மனைவி அரசாங்கப் பள்ளியில் டீச்சர். எங்கள் பக்கத்து வழக்கப்படி என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவாள். வேன் கதவைத் திறந்ததும் குட்டியை மேலும் கீழும் பார்த்தாள். "ஊருக்கு வந்து முழுசா ஆறு மாசம் ஆகல, அதுக்குள்ள வீட்டுக்கு இன்னொருத்தியக் கூட்டிட்டு வந்துட்டீங்களே மச்சான்" என்றாள். சொல்லிவிட்டு முதல் ஆளாக வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்ததும் அவள்தான்.

அடுத்த நாளே கடைத்தெருவுக்குப் போய் ஒரு வெள்ளைப் பலகை வாங்கி வந்து கொல்லைக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டினேன். சனிக்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமை முடிகிற வாரம், அங்கே எழுதிய அதே மாதிரி. சனி, கடற்கரையில் ஒரு மணி நேரம் கையில் பிடித்து நடை. ஞாயிறு, நீளக் கயிற்றில் கட்டி என்னைச் சுற்றி வட்டமாகப் பத்து நிமிஷம். திங்கள் ஓய்வு. செவ்வாய், கடிவாளம் பழக்கம். புதன் நடை. வியாழன், முதுகில் வெறும் துணி மட்டும் போட்டு நிற்க வைப்பது. வெள்ளி விடுமுறை, குதிரைக்கும் எனக்கும். இரண்டு வயதுக் குதிரைகளுக்கு அங்கே எழுதியதை வரி மாறாமல் எழுதினேன். குட்டி நன்றாகத்தான் தேறியது. தோள் விரிந்தது, ரோமம் மின்னியது.

திருவேட்டக்குடிக் கடற்கரையில் மீன் எடுக்க வரும் பெண்களுக்கு நாங்கள் ஒரு வேடிக்கை. குதிரைக்கு டைம்டேபிள் போட்டிருக்கீங்களாமே பாய், அதுக்குப் படிக்கத் தெரியுமா என்று ஒரு அம்மா கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன், ஆனால் உள்ளுக்குள் சுருக்கென்றது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும், அதிலும் பலகையைப் பற்றி யாராவது பேசிவிட்டால் கேட்கவே வேண்டாம்.

ஐப்பசியும் கார்த்திகையும் மழை கொட்டித் தீர்த்தது. வாரத்தில் நாலு நாள் குட்டி கொட்டகையை விட்டு நகரவில்லை. பலகையில் கட்டம் கட்டமாக வெற்றிடம் விழ விழ எனக்கு எரிச்சல் ஏறியது. மழையிடம் யார் சண்டை போடுவது? விட்டுப்போன நாட்களையெல்லாம் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டேன், பின்னால் ஈடுகட்டிவிடலாம் என்று. அந்த இரண்டு மாத ஓய்வு குட்டிக்குக் கிடைத்த வரம் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு அதை நஷ்டமாக எழுதினேன்.

பிறகு ஜனவரி ஒன்று வந்தது.

பந்தயக் குதிரை உலகத்தில் ஒரு கணக்கு உண்டு. எந்த மாதம் பிறந்தாலும் ஜனவரி ஒன்றாம் தேதி எல்லாக் குதிரைக்கும் ஒரு வயது கூடும். பதினெட்டு வருஷமும் அந்தத் தேதியில் முதல் வேலையாகப் பதிவேட்டில் வயதைத் திருத்தியவன் நான். இரண்டை அடித்து மூன்று, மூன்றை அடித்து நான்கு. கை பழகிப்போயிருந்தது. அன்று காலை தேநீர் குடித்துவிட்டு, பலகையில் குட்டியின் வயதை அழித்து மூன்று என்று எழுதினேன். அதற்குக் கீழே இரண்டு வயது வாரத்தையும் அழித்துவிட்டு மூன்று வயது வாரத்தை எழுதினேன்.

பள்ளிக்கூடம் லீவு, மனைவி கடைத்தெருவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பலகையைப் பார்த்து நின்றாள்.

"நேத்து ரெண்டு, இன்னைக்கு மூணா? ராத்திரியோட ராத்திரியா ஒரு வருஷம் வளந்துடுச்சா?"

அவளுக்கு விளக்கினேன். விளக்கினேன் என்பதைவிடச் சிரித்தேன் என்பதுதான் சரி. உலகம் முழுக்க இப்படித்தான் என்றேன். அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மூன்று வயது வாரத்தில் வட்டம் பத்து நிமிஷமல்ல, இந்தப் பக்கம் இருபது, அந்தப் பக்கம் இருபது. ஈர மணலில் ஓட்டம். கால் உறுதிப்பட வேண்டும் என்று கால் புதைகிற காய்ந்த மணலில் மேலும் கீழும் நடை. வியாழன்தோறும் சேணம், சேணத்தின் இரண்டு பக்கமும் மணல் மூட்டை. போதாததற்கு மழைக்காலத்துப் பாக்கியையும் சேர்த்தேன். திங்கள்கிழமை ஓய்வு இருந்த கட்டத்தில் ஓட்டம் என்று எழுதினேன்.

விடியற்காலையில் சுபுஹு தொழுதுவிட்டு குட்டிக்குத் தீனி வைப்பது என் மனைவியின் வேலை. அவளாக எடுத்துக்கொண்ட வேலை. அது தின்னும்போது குனிந்து அதன் கால்களைத் தடவிக்கொடுப்பாள். ஜனவரி பாதியில் ஒரு நாள், இடது முன்கால் முட்டி சுடுகிறது என்றாள். பனிக்காலக் காலை, உன் கை சில்லென்று இருக்கும், அதனால் சுடுகிற மாதிரி தெரியும் என்றேன். மறுநாளும் சொன்னாள். நாலாம் நாள் என் கையைப் பிடித்து இழுத்துக் கொண்டுபோய் அந்த முட்டியில் வைத்தாள். சூடு இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், என் உள்ளங்கைக்கு அது தெரிந்தது.

"நீங்க பலகையப் பாக்குறீங்க மச்சான். நான் அதோட காலப் பாக்குறேன்" என்றாள்.

அவ்வளவுதான், எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. குதிரையைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்காதே, உன் டீச்சர் வேலையைப் பள்ளிக்கூடத்தோடு வைத்துக்கொள் என்று கொல்லையே அதிரக் கத்தினேன். குட்டி மிரண்டு பின்வாங்கியது. அவள் உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு குட்டியின் கால் சூட்டைப் பற்றி அவள் வாயைத் திறக்கவில்லை. ஆனால் தினமும் கொடியில் இரண்டு பழைய துணிகள் ஈரமாகத் தொங்கின. விடியற்காலையில் எனக்குத் தெரியாமல் அதன் முட்டிக்கு ஈரத்துணி கட்டி எடுக்கிறாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி அந்தத் துணிகளை விலக்கிக்கொண்டு நடந்தேன். நான் கத்தியதைக்கூட ஒருவேளை மன்னித்துக்கொள்வேன். இதை மன்னிக்க முடியவில்லை.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை. பலகையில் அன்றைய கட்டத்தில் சவாரி என்று எழுதியிருந்தேன். குட்டி காலை ஊன்றுவதில் ஒரு தயக்கம் இருந்தது. மனைவி கதவருகில் நின்று என் முகத்தையே பார்த்தாள். நாளைக்கு வெள்ளிக்கிழமை, லீவுதானே, ஒரு நாள் பொறுத்துக்கொள்ளும் என்று நானாகவே சொன்னேன். அவள் கேட்கவே இல்லை.

கடற்கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த படகின் மேல் ஏறி, அங்கிருந்து சேணத்தில் உட்கார்ந்தேன். என் எடை எண்பது கிலோவுக்கு மேல். குட்டி ஒரு தடவை தடுமாறி, பிறகு நின்றது. நட என்றேன், நடந்தது. அலை ஓரமாக வடக்கே போனோம். அதன் மூச்சுக்கு என் தொடைகள் ஏறி இறங்கின. மீன்காரப் பெண்கள் கூடையை வைத்துவிட்டுப் பார்த்தார்கள், அன்று யாரும் கேலி செய்யவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் எனக்குக் கண்ணீர் வந்தது, சந்தோஷத்தில். ஓடு என்று குதிகாலால் தட்டினேன். ஓடியது. என் வாழ்க்கையில் அதைவிட நல்ல காலை இல்லை. இப்போது அதை நினைக்கவே பிடிக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் குட்டி மூன்று காலில் நின்றது. முட்டி தேங்காய் அளவு வீங்கியிருந்தது.

மாட்டாஸ்பத்திரி டாக்டரை வீட்டுக்கே அழைத்து வந்தேன். இளைஞர், அதட்டாத மனிதர். என்ன வயசு என்று கேட்டார். மூன்று என்றேன். உதட்டை விலக்கிப் பல்லைப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார்.

"மூணுன்னு யார் சொன்னது? பால் பல் ஒண்ணுகூட இன்னும் விழலையே."

விற்றவருக்குப் போன் போட்டேன். எப்போது பிறந்தது என்று சந்தையில் கேட்கத் தோன்றாத கேள்வியை அப்போது கேட்டேன். சந்தைக்கு முந்தின வருஷத்துக்கும் முந்தின ஐப்பசி மழையில் போட்டது என்றார். விரல் விட்டு எண்ணினேன். சவாரி செய்த அன்று அதற்கு இரண்டு வயது நாலு மாதம்கூட முழுதாக ஆகவில்லை.

அந்த லாயத்துக் குதிரைகளெல்லாம் வருஷத் தொடக்கத்தில் பிறக்கும்படி இணை சேர்க்கப்பட்டவை. அதனால் ஜனவரிக் கணக்கில் சில வாரங்கள்தான் கூடும் குறையும். இது எனக்குத் தெரியாததா? பிறந்த தேதிகளைத் தட்டச்சு செய்தவனே நான்தான். நாட்டுக் குதிரை மழையிலும் போடும், வெயிலிலும் போடும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை, கை தானாக எழுதியது.

முட்டிக்குள் எலும்பு சில்லுடைந்திருப்பதாக எக்ஸ்ரே காட்டியது. நடக்கும், ஆனால் நொண்டும், இனி ஆளைச் சுமக்காது என்றார் டாக்டர். கிளம்பும்போது, என்னைக் குற்றம் சொல்லும் எண்ணமே இல்லாமல் சொன்னார்: "இன்னும் ஒரு வருஷம் சும்மா மேய விட்டிருந்தீங்கன்னா போதும் சார். அப்புறம் இருபது வருஷம் உங்களைச் சுமந்திருக்கும்."

பதினெட்டு வருஷம் காத்திருந்தவனுக்கு இன்னொரு வருஷம் காத்திருக்கத் தெரியவில்லை. நான் அப்போதே சொன்னேனே என்று மனைவி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சண்டை போட்டாவது மனம் ஆறியிருக்கும். அவள் கேட்கவில்லை. அவளோடு வேலை பார்க்கும் ஒரு டீச்சருக்கு அம்பகரத்தூரில் தென்னந்தோப்பு இருந்தது. மெத்தென்ற தரை, புல், வேலி. குட்டி அங்கே இருக்கட்டும் என்று அவளே பேசி முடித்து, அவளே வண்டியில் ஏற்றிவிட்டாள். வாரம் தவறாமல் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டும் வந்தாள். எனக்குப் போக முகமில்லை.

நாலு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வற்புறுத்தி அழைத்துப் போனாள். தோப்பின் நடுவில் குட்டி மேய்ந்துகொண்டிருந்தது. உடம்பு தேறியிருந்தது. என்னைக் கண்டதும் தலையைத் தூக்கிக் காதுகளை முன்னால் கொண்டுவந்தது. மறக்கவில்லையே என்று நினைத்தேன். தூரத்தில் வருகிற சொந்தக்காரரைப் பார்த்தால் எல்லோரும் செய்வதுதான், வலது கையைத் தூக்கினேன்.

வட்டத்தில் ஓடச் சொல்லி அதற்கு நான் பழக்கிய சைகையும் அதுதான்.

கயிறு இல்லை, சேணம் இல்லை. குட்டி புல்லை விட்டு, தலையைத் தாழ்த்தி, இடது பக்கமாக வட்டம் போட ஆரம்பித்தது. ஒவ்வொரு அடிக்கும் முன்கால் மடங்கி உடம்பு சரிந்தது. சரியச் சரிய ஓடியது. எனக்குக் கை மரத்துப்போய் மேலேயே நின்றுவிட்டது. ஒரு சுற்று, இரண்டாவது சுற்று.

"கையக் கீழ போடுங்க" என்று என் மனைவி அலறினாள்.

போட்டேன். குட்டி உடனே நின்றது. மூச்சிரைக்க, நொண்டும் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.